லிண்டா லவ்லேஸ்

லிண்டா சூசன் போர்மன் (ஜனவரி 10, 1949 – ஏப்ரல் 22, 2002) லிண்டா லவ்லேஸ் என்னும் திரைப்பெயரால் அறியப்பட்ட அமெரிக்க நடிகை ஆவார். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தார்.

ஜெரார்ட் டாமியானோ இயக்கிய டீப் துரோட் (1972) இவரைப் புகழ்பெறச் செய்தது. கதையற்ற துண்டுப்படங்களே மிகுந்திருந்த பாலுறவுப் பட வகையில், நகைச்சுவைக் கதையும் பாத்திரங்களும் கொண்டு வெளிவந்த இப்படம், சுமார் ஒரு மணிநேரம் ஓடுவது. பொதுத் திரையரங்குகளிலும் திரையிடப்பட்டது. பல மாநிலங்களில் வழக்குகளைச் சந்தித்தது. விரும்பி நடிக்கும் உற்சாகமான பெண்ணாகவே பார்வையாளர் இவரைக் கண்டனர்.

1980 இல் வெளியான ஆர்டீல் என்ற தன்வரலாற்று நூலில், அப்போதைய கணவர் சக் டிரெய்னர் அடித்தும் துப்பாக்கி காட்டி மிரட்டியும் தம்மை நடிக்க வைத்ததாகவும், ஊதியமான 1,250 டாலரை அவரே எடுத்துக்கொண்டதாகவும் எழுதினார். வற்புறுத்தலை டிரெய்னர் மறுத்தார். படத்தில் இவருடைய உடலில் கன்றிய தடங்கள் தெரிகின்றன. நம்பாதவர்களோ திரையில் இவர் சிரித்ததைச் சுட்டினர். அச்சிரிப்பு பாத்திரத்துக்கு உரியது என்பது இங்கு கருதத்தக்கது.

பின்னர் இத்தொழிலுக்கு எதிராகப் பேசிவந்தார். 1986 இல் மீஸ் ஆணையத்தின் முன் சாட்சியமளித்தார். 1987 இல் இவருக்குக் கல்லீரல் மாற்று அறுவை செய்யப்பட்டது. ஏப்ரல் 3, 2002 அன்று கார் விபத்தில் படுகாயமுற்று, டென்வரில் காலமானார்.