மூணு வீடு, ஒரு கொத்தனார் மகன்... சாகும்வரை வீட்டை மாத்திக்கிட்டே இருந்த ஜான் சோன்!

உங்க கைக்கு ஒரு பழைய வீடு வருதுன்னு வெச்சுக்கோங்க. ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வெளிச்சம் முன்னாடி கொஞ்சம், பின்னாடி கொஞ்சம். நடு ரூமில் பகலிலேயே லைட் போடணும். எதை இடிக்கிறது, எதை விட்டுவைக்கிறது? ரெனோவேஷன் ரீல்ஸை விடிய விடியப் பார்த்தாலும் இந்தக் கேள்விக்கு பதில் கிடைக்காது. 200 வருஷத்துக்கு முன்னாடி லண்டனில் ஒருத்தர் இதே கேள்வியோடு தன் வாழ்நாளில் பாதியைக் கழித்திருக்கிறார். அவர் பெயர் சர் ஜான் சோன்.

பிறந்தது 1753-ல். அப்பா செங்கல் அடுக்கும் கொத்தனார். வசதி, சிபாரிசு எதுவும் கிடையாது. 15 வயதில் ஜார்ஜ் டான்ஸ் என்ற ஆர்க்கிடெக்ட்டிடம் வேலைக்குச் சேர்ந்தார். ராயல் அகாடமியில் படித்து, தங்கப் பதக்கம் வாங்கி, ஸ்காலர்ஷிப்பில் இத்தாலி போய் ரோமானிய இடிபாடுகளை அளந்து வரைந்தார். திரும்பி வந்த பிறகு தன் குடும்பப் பெயரின் ஆங்கில ஸ்பெல்லிங்கில் கடைசியாக ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டார். ஆமாங்க, மனுஷர் பெயரைக்கூட எக்ஸ்டென்ஷன் இல்லாம விடலை!

1784-ல் எலிசாவைத் திருமணம் செய்தார். 1788-ல் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் ஆர்க்கிடெக்ட் ஆனார். அந்த வேலையில் 45 வருடங்கள் இருந்தார். 1790-ல் எலிசாவின் மாமா இறந்து, அவருடைய சொத்து இவர்களுக்கு வந்தது. அந்தப் பணத்தில்தான் சோன் தனக்கென்று ஒரு வீடு வாங்கினார். லண்டனின் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் சதுக்கத்தில், 12-ம் நம்பர். வருடம் 1792.

அந்த வீட்டை அவர் இடித்துவிட்டுத்தான் கட்டினார். பழசு எல்லாமே புனிதம்னு நினைக்கிற ஆள் இல்லை அவர். அப்படியே 1800-க்கு வாங்க. லண்டனுக்கு வெளியே ஈலிங் பகுதியில் பிட்ஸேங்கர் மேனர் என்ற பெரிய வீட்டை வாங்குகிறார். அதன் நடுப்பகுதி மொத்தத்தையும் இடித்து, நாலு பெரிய தூண்களோடு புது முகப்பு வைத்தார். ஆனால், ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பகுதியை மட்டும் தொடவே இல்லை. அது அவருடைய குரு டான்ஸ் கட்டிய எக்ஸ்டென்ஷன். 15 வயதுப் பையனாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் சோன் தொழில் பழகிய கட்டடம்.

அவ்வளவு செலவு செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஜான், ஜார்ஜ் என்று இரண்டு மகன்கள். இந்த வீட்டில் வளர்ந்து, இதைப் பார்த்தே அவர்களும் ஆர்க்கிடெக்ட் ஆக வேண்டும் என்பது அப்பாவின் கனவு. பசங்களுக்கு அதில் இன்ட்ரெஸ்ட்டே இல்லை. நண்பர் ஓவியர் டர்னர் வந்து அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்தார். மகன்கள் ஒட்டவில்லை. 1810-ல் அந்த வீட்டை விற்றுவிட்டார்.

அதற்குள் லண்டனில் பக்கத்து வீடு, 13-ம் நம்பர், அவர் கைக்கு வந்திருந்தது. முன்பகுதியில் வாடகைக்காரர் இருந்தார். சோன் அவரைக் காலி பண்ணச் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த குதிரை லாயத்தை எடுத்துக்கொண்டு, அங்கே தன் ஆபீஸையும், பழங்காலச் சிலைகள், தூண் துண்டுகளுக்கான காட்சிக்கூடத்தையும் கட்டினார். 1812-ல்தான் முன்பக்கத்தை இடித்துப் புதுசாகக் கட்டி, குடும்பத்தோடு அங்கே குடிபோனார்.

வரிசையாகச் செங்கல் வீடுகள் இருக்கிற தெருவில், வெள்ளைக் கல்லில் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு முகப்பு. ஏரியா கட்டட அதிகாரி விடுவாரா? விதிமீறல் என்று வழக்கு. சோன் கட்டியது தன் சொந்த இடத்துக்குள்தான். ஜெயித்துவிட்டார்!

இனிமே கொஞ்சம் மெதுவா போகலாம். உள்ளே அவர் செய்ததுதான் விஷயமே.

பக்கச் சுவரில் ஜன்னல் வைக்க முடியாது. அப்போ வெளிச்சம் எங்கேயிருந்து வரும்? மேலேயிருந்து. காலை உணவு அறையைப் பாருங்க. நாலு மூலையில் நின்று, விரித்த குடை மாதிரி ஒரு தாழ்வான குவிமாடம். அது சுவரைத் தொடாமலே நின்றுவிடுகிறது. அந்த இடைவெளிக்கு மேலே கீழிருந்து கண்ணுக்குத் தெரியாத ஸ்கைலைட். அதன் வழியாக வரும் வெளிச்சம் சுவரில் மட்டும் வழிந்து இறங்கும். நடுவில் வண்ணக் கண்ணாடி. லண்டனின் சாம்பல் நிறக் குளிர் வெளிச்சம், உள்ளே வரும்போது மாலை வெயில் மாதிரி மஞ்சளாகிவிடும். கூடவே வீடு முழுக்கக் குவிந்த கண்ணாடிகள். சின்ன அறைதான், உள்ளே நிற்கிறவருக்கு அது எங்கே முடிகிறது என்றே தெரியாது.

1823-ல் 14-ம் நம்பரையும் வாங்கினார். முன்பகுதியை வாடகைக்கு விட்டார். பின்பகுதியை மட்டும் தன் வீட்டோடு இணைத்து ஓர் ஓவிய அறை கட்டினார். நம்ம வீட்டு பெட்ரூம் அளவுதான் இருக்கும். அதில் 100 ஓவியங்களுக்கு மேல் மாட்டியிருக்கிறார். எப்படி? சுவரே அலமாரிக் கதவு மாதிரி திறக்கும். திறந்தால் உள்ளே இன்னொரு வரிசை ஓவியங்கள். சின்ன ஃபிளாட்டில் ஸ்டோரேஜ் இல்லை என்று புலம்புகிறவர்கள் இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவெச்சுக்கலாம்.

1824-ல் எகிப்து மன்னன் முதலாம் சேட்டியின் கல் சவப்பெட்டியை 2,000 பவுண்டுக்கு வாங்கினார். பிரிட்டிஷ் மியூசியமே விலை அதிகம் என்று விட்ட பொருள் அது. உள்ளே கொண்டுவர வாசல் போதவில்லை. பின்பக்கச் சுவரை இடித்து இறக்கினார்கள். அடுத்த வருடம் மூன்று நாள் ராத்திரி பார்ட்டி. 890 பேருக்கு அழைப்பு, விளக்கொளியில் தரிசனம். கட்டின சுவரை இடிக்க மனசு வராமல் பொருளைத் திருப்பி அனுப்புகிறவர் இல்லை சோன். அவருக்கு வீடு என்பது எப்போதும் வேலை நடந்துகொண்டிருக்கிற இடம்.

ஆனா, அந்தப் பார்ட்டியில் எலிசா இல்லை.

பத்து வருடம் முன்னாடி நடந்தது அது. இளைய மகன் ஜார்ஜ் கடனில் சிக்கி ஜெயிலுக்குப் போனார். அப்பா உதவவில்லை. அம்மாதான் கடனை அடைத்து வெளியே கொண்டுவந்தார். அதே 1815 செப்டம்பரில் ஒரு பத்திரிகையில், பெயர் போடாமல் இரண்டு கட்டுரைகள் வந்தன. சோனின் கட்டடங்களைக் கிழித்துத் தொங்கவிட்ட கட்டுரைகள். அந்த வீட்டையும் விடவில்லை. எழுதியது ஜார்ஜ் என்று தெரிந்தபோது எலிசா ஏற்கெனவே உடம்பு முடியாமல் இருந்தார். நவம்பர் 22-ல் இறந்துபோனார்.

சோன் மகனை மன்னிக்கவே இல்லை. அந்தக் கட்டுரைகளை வெட்டி, ஃபிரேம் போட்டு, தாயைக் கொன்ற அடி இதுதான் என்று குறிப்பெழுதி வீட்டில் மாட்டிவைத்தார். அதைப் படிக்கும்போது பாவமாகவும் இருக்கிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. மனைவிக்கு அவரே ஒரு கல்லறை வடிவமைத்தார். மூத்த மகன் ஜான் 1823-ல் இறந்து, அதே கல்லறைக்குப் போனார். லண்டன் போட்டோக்களில் பார்க்கிற சிவப்பு டெலிபோன் பூத்தின் வளைந்த கூரை, அந்தக் கல்லறையின் கூரையைப் பார்த்து உருவானதுதான்.

மகன்களில் மிச்சம் இருந்தவர் ஜார்ஜ் மட்டும். அவர் கைக்கு வீடு போனால் எல்லாம் ஏலத்துக்கு வந்துவிடும் என்று சோன் பயந்தார். எனவே, உயில் எழுதுவதோடு நிற்காமல், 1833-ல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே கொண்டுவரச் செய்தார். தான் இறக்கும்போது வீடு எப்படி இருக்கிறதோ, முடிந்தவரை அப்படியே இருக்க வேண்டும். மக்கள் வந்து பார்க்க வேண்டும். ஜார்ஜ் எதிர்த்தார், தோற்றார். 40 வருடமாகச் சுவரை மாற்றிக்கொண்டே இருந்தவர், தனக்குப் பிறகு யாரும் எதையும் மாற்றக் கூடாது என்று சட்டம் போட்டது வேடிக்கைதான். 1837 ஜனவரியில், 83 வயதில் இறந்தார்.

அந்த பயம் வீண் இல்லை. அவர் 45 வருடம் உழைத்த பேங்க் ஆஃப் இங்கிலாந்து கட்டடத்தில், வெளிச்சுவரைத் தவிர பெரும்பகுதியை 1920, 30-களில் இடித்துவிட்டார்கள். வீடு மட்டும் நிற்கிறது. அதுவும் சும்மா நிற்கவில்லை. மியூசியத்துக்கு இடம் போதாமல் மாடி அறைகளை ஆபீஸாக மாற்றியிருந்தார்கள். அந்த ஆபீஸைக் காலி செய்து, பழைய வாட்டர்கலர் ஓவியங்களைப் பார்த்து, வண்ணக் கண்ணாடிகளைத் திரும்பப் பொருத்தி, அவருடைய படுக்கையறை வரை பழையபடி கொண்டுவந்தார்கள். பல வருடம் நடந்த அந்த வேலை 2016-ல் முடிந்தது. பிட்ஸேங்கரும் பழுதுபார்க்கப்பட்டு 2019-ல் திறந்தது. குருவின் எக்ஸ்டென்ஷன் இன்னும் அங்கேயே இருக்கிறது.

லண்டனில் ஃப்ரெண்ட்ஸ் யாராவது இருந்தால் போய்ப் பார்க்கச் சொல்லுங்க. 13-ம் நம்பர் வீட்டுக்கு டிக்கெட் கிடையாது.