அரைநாண் கண்ட ஆரியபட்டர்

ஆரியபட்டர் கி.பி. 476ஆம் ஆண்டில் பிறந்தவர். இன்றைய பாட்னா நகரம் அந்நாளில் பாடலிபுத்திரம் என்றும் குசுமபுரம் என்றும் வழங்கியது. அங்குப் போற்றப்பட்ட கணிதத்தையும் வானியலையும் 121 செய்யுள்களில் சுருக்கி ‘ஆரியபட்டீயம்’ என்னும் நூலாக்கினார். அப்போது அவருக்கு வயது 23.

கோள்களின் இயக்கத்தைக் கணிக்க விரும்புவோர் வட்டத்தை அளக்க அறிந்திருத்தல் வேண்டும். அளவுகோலோ நேரானது, வட்டமோ வளைந்தது. இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க முக்கோணமே துணை நின்றது.

முக்கோணத்தின் பரப்பைக் காண, அடிப்பக்கத்தின் பாதியை உயரத்தால் பெருக்க வேண்டும் என்றார். அடுத்த செய்யுளில், வட்டத்தின் பரப்பைக் காண, சுற்றளவின் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்க வேண்டும் என்றார். இவ்விரு விதிகளும் ஒன்றுபோல் அமைந்திருப்பதை நோக்குக. வட்டத்தை மையத்திலிருந்து மிக மெல்லிய துண்டுகளாகப் பிரித்தால், ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ ஒரு முக்கோணமே. ஆரம் அதன் உயரம். அடிப்பக்கங்கள் யாவும் சேர்ந்தது சுற்றளவு. அதே செய்யுள்களில் கூம்பகத்திற்கும் கோளத்திற்கும் அவர் கூறிய கன அளவு விதிகள் பிழையானவை. பேரறிஞர் என்பதற்காக நாம் அதை மறைக்க வேண்டியதில்லை.

வட்டத்தின் வளைந்த பகுதியை வில் என்றும், அதன் முனைகளை இணைக்கும் கோட்டை நாண் என்றும் தமிழில் கூறுகிறோம். வடமொழியாரும் வில்லின் நாணைக் குறிக்கும் ‘ஜியா’ என்ற சொல்லையே ஆண்டனர். ஆரியபட்டர் முழுநாணை விடுத்து அரைநாணைக் கைக்கொண்டார். மையத்திலிருந்து நாணின் நடுப்புள்ளிக்கு ஒரு கோடும் நாணின் முனைக்கு ஓர் ஆரமும் வரைந்தால், அரைநாணோடு சேர்ந்து செங்கோண முக்கோணம் ஒன்று கிடைக்கும். அதன்பின் கணக்கு எளிதாகும்.

ஆரத்தின் நீளமுள்ள நாண்களை வட்டத்தினுள் வரிசையாக வரைந்து பாருங்கள். சரியாக ஆறு அமையும். ஒவ்வொரு நாணும் மையத்தில் 60 பாகைக் கோணத்தை உண்டாக்கும். அரைநாணுக்கு உரியது 30 பாகை. ஆரியபட்டர் ஆரத்தை 3438 எனக் கொண்டார். ஆகவே 30 பாகைக்குரிய அரைநாண் 1719. இவ்வாறு 3¾ பாகை இடைவெளியில் 24 அரைநாண்களைக் கணித்து, அடுத்தடுத்த அளவுகளின் வேறுபாடுகளை ஒரே செய்யுளில் எழுத்துக் குறிகளாக அடக்கினார். ஜியாவின் மறுவடிவமான ‘ஜீவா’ அரபு மொழியிற் புகுந்து திரிந்து, இலத்தீனில் ‘சைனஸ்’ ஆயிற்று. பத்தாம் வகுப்பில் நீங்கள் கற்கும் ‘சைன்’ அதுவே.

விட்டம் 20000 ஆனால் சுற்றளவு 62832 என்றும் அவர் கணித்தார். அதாவது விட்டத்தைப்போல் 3.1416 மடங்கு. 1 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டத்தை இவ்வெண்ணால் அளந்தால் 1 சென்டிமீட்டர் பிழைகூட நேராது. எனினும் அவர் அதை முடிந்த முடிபாகக் கூறவில்லை. உண்மைக்கு அண்மையானது என்றே குறித்தார். ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்குப்பின் கேரளத்து நீலகண்ட சோமயாஜி அச்சொல்லுக்கு உரை கண்டார். விட்டத்தையும் சுற்றளவையும் ஒரே அலகால் மீதமின்றி அளக்க இயலாது. அதனாலேயே ஆரியபட்டர் அவ்வாறு கூறினார் என்பது அவர் விளக்கம். அதற்கான நிறுவலை 1760களில் ஐரோப்பாவில் லம்பர்ட் அளித்தார்.