இராமானுஜனின் நோய்

கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வரலாற்றை அறியாத தமிழ் மாணவர் இலர். ஏழ்மையில் வளர்ந்தார், கல்லூரித் தேர்வில் தோற்றார், துறைமுகத்தில் எழுத்தராக இருந்தார், கேம்பிரிட்ஜ் சென்று உலகப் புகழ் பெற்றார், முப்பத்திரண்டு வயதில் மறைந்தார் என்று பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். நான் கணிதம் பயில்பவன் அல்லன், மருத்துவம் பயில்பவன். அவருடைய சூத்திரங்களை விளக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அவர் ஏன் முப்பத்திரண்டு வயதில் மறைந்தார் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என்று கருதுகிறேன். மேதைகளுக்கு ஆயுள் குறைவு என்று சொல்லி அந்தக் கேள்வியை நாம் கடந்து விடுகிறோம். அது விடையாகாது. நீண்ட நாள் நீடிக்கும் ஒரு நோயை மனிதர் எவ்வாறு அறிந்துகொள்கின்றனர், எவ்வாறு அறியத் தவறுகின்றனர் என்பதற்கு அவர் வாழ்க்கையைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. அந்தக் கண்கொண்டே இங்கு அவர் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாயின் பிறந்தகத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை துணிக்கடை ஒன்றில் கணக்கர்; தாயார் கோமளத்தம்மாள். இரண்டு வயதில் அம்மை கண்டது, பிழைத்துக்கொண்டார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் கணிதம் ஒன்றிலேயே மனம் செலுத்தியதால் மற்றப் பாடங்களில் தோற்று, உதவித்தொகையை இழந்தார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். சேர்ந்த சில மாதங்களில் கடுமையான சீதபேதி கண்டு ஊர் திரும்ப நேர்ந்தது. வாழ்க்கை வரலாறுகளில் இச்செய்தி ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் இந்த ஒரு வரியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இங்கிலாந்து செல்லுமுன் இந்நோய் அவருக்கு மீண்டும் ஒருமுறை வந்தது.

1909-இல் ஜானகியம்மாளை மணந்தார். அக்காலத்தை ஒட்டி விரைவீக்கத்துக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். குடும்பத்தில் பணமில்லை; ஒரு மருத்துவர் கட்டணம் பெறாமல் செய்து உதவினார். 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமும், அதன் விளைவாக 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து கப்பலேறியதும் எல்லோரும் அறிந்தவை.

அவர் சென்றடைந்த சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. அவரோ மரக்கறி உணவு தவிர வேறொன்றும் தீண்டாதவர். டிரினிட்டிக் கல்லூரிச் சமையலை ஏற்காமல் தம் அறையில் தாமே சமைத்தார். போர் நீள நீளக் காய்கறியும் பாலும் அரிதாயின. கணக்கில் ஆழ்ந்துவிட்டால் உணவு வேளையும் உறக்க வேளையும் தவறும். குளிரும் அவருக்குப் பகையாயிற்று. இரவில் குளிரால் உறக்கமில்லை என்று கேட்டறிந்த நண்பர் மகாலனோபிஸ், அவர் கட்டிலில் கம்பளிகள் விரிப்போடு சேர்த்து மடித்துச் செருகப்பட்டிருப்பதையும், அவற்றின் உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்று அறியாமல் அவர் மேலேயே மேலங்கியோடு படுத்து வந்ததையும் கண்டார். சொல்லித்தர ஒருவர் வரும்வரை அவர் யாரிடமும் கேட்கவில்லை. இக்கூச்சம் பின்னால் நோயிலும் அவரோடு சென்றது.

1917 வசந்தத்தில் நோய் வெளிப்பட்டது. விட்டுவிட்டுக் காய்ச்சல், வயிற்று வலி, உடல் மெலிவு. கேம்பிரிட்ஜில் ஒரு மருத்துவ இல்லத்தில் சேர்த்தனர். முதலில் இரைப்பைப் புண் என்றனர். அது பொருந்தவில்லை. பின்னர், சென்னையில் நடந்த அறுவையைப் பற்றி அறிந்த ஒரு மருத்துவர், அது புற்றுநோய்க் கட்டிக்காக இருந்திருக்கலாம், அதுவே பரவியிருக்கலாம் என்று ஐயுற்றார். மற்ற மருத்துவர்களுக்கு அந்த அறுவையே தெரியாது. மாதங்கள் சென்றும் நோய் முற்றவில்லை. எனவே அக்கருத்தும் கைவிடப்பட்டது. மிச்சமிருந்தது காசநோய். வேறு விடை இல்லாதபடியால் அதுவே விடையாயிற்று.

காசநோய்க்கு அந்நாளில் மருந்து இல்லை. ஓய்வும், நல்லுணவும், திறந்த வெளிக் காற்றுமே சிகிச்சை. தென்னிந்திய மருத்துவர் சௌரி முத்து நடத்திய மெண்டிப் மலைச் சானடோரியத்திலும், பின்னர் டார்பிஷயரில் மேட்லாக் என்னும் ஊரிலும் அவர் வைக்கப்பட்டார். குளிர்காலத்திலும் சாளரங்களைத் திறந்து வைப்பது அங்கு முறை. கும்பகோணத்தில் வளர்ந்த உடல் அதை எப்படித் தாங்கும்? குளியலறை ஒன்றே கதகதப்பாக இருந்தமையால் காகிதமும் பேனாவுமாக அங்கே சென்று கணக்குப் போட்டதாகத் தெரிகிறது. உணவு ஒவ்வவில்லை. மருத்துவர்களின் கட்டளைகளை அவர் எளிதில் ஏற்கவில்லை. அவரைத் தம் உடலைப் பேணச் செய்வது அரிதாக இருக்கிறது என்று ஹார்டி வருந்தினார். வீட்டில் தாய்க்கும் மனைவிக்கும் மனத்தாங்கல். மனைவியின் கடிதங்கள் அவர் கைக்கு வந்து சேரவில்லை. 1918 தொடக்கத்தில் இலண்டன் நிலத்தடி இரயில் பாதையில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தார். வண்டி நிறுத்தப்பட்டதால் காயங்களோடு உயிர் தப்பினார். இதை மறைத்து எழுதுவோர் உண்டு. நான் மறைக்க விரும்பவில்லை. நாள்பட்ட நோய் உடலோடு நின்றுவிடுவதில்லை என்பதை மருத்துவ மாணவர்களுக்கு இன்று தனிப் பாடமாகவே கற்பிக்கின்றனர்.

அதே 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். புகழ் வந்தபோது உடலும் சிறிது தேறியது. எடை கூடிற்று, காய்ச்சல் தணிந்தது. நோய் தீர்ந்தது என்றே ஹார்டி நம்பினார். 1919 பிப்ரவரியில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டு, மார்ச் இறுதியில் பம்பாய் வந்து சேர்ந்தார். ஆனால் நோய் திரும்பியது. கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் தங்கிப் பார்த்தனர். 1920 ஜனவரியில் சென்னைக்கு அழைத்து வந்தனர். அங்கும் காசநோய் வல்லுநர் ஒருவரே மருத்துவம் பார்த்தார். படுக்கையில் சாய்ந்தவாறே அவர் எழுதிய போலித் தீட்டாச் சார்புகளைப் பற்றி ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் சென்றது. வலி மிகும்போது ஜானகியம்மாள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் அவர் உயிர் பிரிந்தது. அக்கடைசி மாதங்களின் தாள்கள் 1976-இல் டிரினிட்டி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு, தொலைந்த குறிப்பேடு என்னும் பெயரால் இன்றும் ஆராயப்படுகின்றன.

இனி நோய்க்கு வருவோம். 1994-இல் யங் என்பவர் இராமானுஜனின் நோய்க்குறிப்புகளையும் கடிதங்களையும் ஒருசேரத் தொகுத்து ஆராய்ந்தார். தணிவதும் திரும்புவதுமான காய்ச்சல், கல்லீரலைச் சுட்டும் அறிகுறிகள், இவற்றுக்கு முன் இருமுறை சீதபேதி. இவை காசநோயைவிடக் கல்லீரல் அமீபா நோய்க்கே பொருந்துகின்றன என்பது அவர் முடிவு. நூறாண்டு கழிந்த நோயைப் பற்றி முற்ற முடிந்த தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆயினும் இம்முடிவு வலுவானது என்றே எனக்கும் தோன்றுகிறது.

அமீபா என்பது ஒற்றைச் செல் உயிர். மாசுபட்ட நீரிலும் உணவிலும் கலந்து குடலை அடைகிறது. குடற்சுவரைப் புண்ணாக்கிச் சீதபேதியை உண்டாக்குகிறது. பேதி நின்றுவிட்டால் நோய் போயிற்று என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் முறையாக மருந்து உண்ணாவிடில் அது குடலில் ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருக்கக்கூடும். பின்னொரு நாள் இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைந்து சீழ்க்கட்டியை உண்டாக்கும். அப்போது பேதி இருக்க வேண்டுவதில்லை. காய்ச்சலும் வலியும் மெலிவுமே தெரியும். பழைய சீதபேதியைக் கேட்டறியாத மருத்துவர் வேறு நோய் என்று மயங்குவது எளிது.

வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. இந்நோய்க்கு மருந்து அப்போதே இருந்தது. கல்கத்தாவில் பணியாற்றிய லியனார்டு இராசர்ஸ் 1912-இல் எமட்டின் என்னும் மருந்தை ஊசிவழிச் செலுத்திக் குணம் கண்டார். போர்முனையில் இந்நோயுற்ற ஆங்கிலப் படைவீரர் பலர், இராமானுஜன் நாடு திரும்பிய காலத்தை ஒட்டியே இங்கிலாந்தில் குணமாக்கப்பட்டனர். மருந்து இருந்தது, நோயின் பெயர் மட்டும் எவருக்கும் தோன்றவில்லை. இன்று ஒலியலைப் படம் கல்லீரற் கட்டியைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். மெட்ரோனிடசோல் அமீபாவைக் கொல்லும். குடலில் எஞ்சியதை அழிக்க இன்னொரு மருந்தும் தருவர்.

இதற்காக அந்நாள் மருத்துவர்களைப் பழிப்பது முறையன்று. கல்லீரல் அமீபா நோயைக் கண்டறியும் வழிகள் அன்று செம்மைப்படவில்லை. ஆனால் குறை கருவிகளில் மட்டும் இருந்ததாக நான் கருதவில்லை. ஒவ்வொரு மருத்துவரும் நோயாளியின் கதையில் ஒரு பகுதியையே கேட்டார். ஓரிடத்தில் அறிந்தது மற்றோரிடத்துக்குச் செல்லவில்லை. நோயாளியும் கேட்டாலன்றிச் சொல்லும் இயல்பினர் அல்லர். பிறந்தது முதல் அவர் உற்ற நோய்கள் அனைத்தையும் ஒருவர் ஒரே தாளில் எழுதியிருந்தால், ஒருவேளை அத்தாள் ஒரு மேதையைக் காத்திருக்கும்.

நண்பர்களே, நாமும் ஊரை விட்டு வந்து விடுதிகளில் தங்கிப் பயில்பவர்கள். உணவு மாறுகிறது, நீர் மாறுகிறது, குளிர் புதிது, மொழியும் புதிது. வீட்டுக்கு எழுதினால் அம்மா கவலைப்படுவாள் என்று உடல்நலக் குறைவை மறைக்கிறோம். இரண்டு நாள் மாத்திரை உண்டு, காய்ச்சல் விட்டதும் மருந்தையும் விட்டுவிடுகிறோம். நாள்பட்ட நோய்கள் பல இவ்வாறே வேர்கொள்கின்றன. எனவே மருந்தை மருத்துவர் சொன்ன நாள்வரை உண்ணுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளையும் சோதனை முடிவுகளையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள். புது மருத்துவரிடம் செல்லும்போது, சிறு வயதில் வந்த நோயாயினும் கூச்சமின்றிச் சொல்லுங்கள். அடுத்த அறை நண்பன் சாப்பிட வரவில்லை என்றால் கதவைத் தட்டிக் கேளுங்கள். மகாலனோபிஸ் அன்று கேட்டதால்தான் இராமானுஜன் கம்பளிக்குள் படுக்கக் கற்றார்.