கணக்கு வழிகாட்டிய பேரறிஞர் அல்-குவாரிஸ்மி

எழுத்தை ஒரு கண்ணாகவும் எண்ணை மறுகண்ணாகவும் கொண்டது தமிழர் கல்வி மரபு. எனினும், தமிழ் பயின்ற நம்மில் பலர் ஒரு கண்ணை மூடிக்கொண்டே வாழ்வைக் கடந்து வருகின்றோம். கணக்குக்கு அஞ்சித் தமிழ் வகுப்பிற்கு வந்தவர்கள் என்று பிற துறையினர் நம்மை நகையாடுவதுண்டு. அந்நகைப்பில் சிறிது உண்மையும் உண்டு. இக்கட்டுரையாளனும் அதற்கு விலக்கல்லன். அத்தகைய அச்சத்தைப் போக்கும் வண்ணம், ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, எளிய மக்களின் கைபிடித்துக் கணக்குச் சொல்லித் தந்த ஒரு பெருந்தகையின் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

அல்-குவாரிஸ்மி என உலகம் அறிந்த அவ்வறிஞரின் இயற்பெயர் முஹம்மத். தந்தையார் பெயர் மூஸா. கி.பி. 780ஆம் ஆண்டையொட்டிப் பிறந்து, 850ஆம் ஆண்டையொட்டி மறைந்தவர். ஆரல் கடலுக்குத் தெற்கே, ஆமூ ஆறு பாயும் குவாரிஸம் என்னும் நாட்டின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அந்நிலப்பகுதி இன்று உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான் ஆகிய நாடுகளில் அடங்கியுள்ளது. ஆயினும், அவர்தம் அறிவு மலர்ந்து மணம் பரப்பிய இடம் பக்தாது மாநகரமே.

பக்தாது நகரைக் கலீபா மன்சூர் 762ஆம் ஆண்டு நிறுவினார். அவர்தம் அவைக்கு இந்திய வானநூல் ஒன்று சென்று சேர்ந்து அரபு மொழியில் பெயர்க்கப்பெற்றது. 813 முதல் 833 வரை ஆண்ட கலீபா மஃமூன் காலத்தில் அறிவுத்துறை உச்சநிலை எய்தியது. பைத்துல் ஹிக்மா எனப்பெற்ற அறிவு இல்லத்தில் கிரேக்க, பாரசீக, இந்திய நூல்கள் அரபு வடிவம் கொண்டன. அங்குப் பணியாற்றிய அறிஞர்களுள் ஒருவராக விளங்கினார் அல்-குவாரிஸ்மி. இந்திய முறையைத் தழுவி வானியல் அட்டவணைகள் வகுத்தார். ஏறத்தாழ 2,400 இடங்களின் நெடுங்கோடு, அகலக்கோடுகளைத் தொகுத்து நிலவியல் நூல் ஒன்றும் யாத்தார்.

அவர் புகழை நிலைநாட்டியது, அல்-ஜப்ர் வல் முகாபலா என்னும் சொற்களைத் தலைப்பில் கொண்ட கணித நூலேயாகும். கலீபா மஃமூனின் ஊக்குவிப்பால் அது பிறந்தது. அறிஞர் அவையில் மெச்சப்படுவதற்காக அன்று. வாரிசுரிமை, மரண சாசனம், பாகப்பிரிவினை, வழக்கு, வாணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் கணக்குகளை எளிதாக்கவே அதனை எழுதியதாக நூன்முகத்தில் குறித்துள்ளார். அந்நூல் வல்லுநருக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இஃதே சான்று.

ஜப்ர் என்பது ஒடிந்த எலும்பைப் பொருத்துதல் போலக் குறைந்ததை நிறைவுசெய்தல். முகாபலா என்பது இருபுறத்தையும் எதிரெதிரே நிறுத்தி ஒத்தவற்றைக் கழித்தல். ஓர் எண்ணின் ஐந்து மடங்கில் 6 குறைந்தால் வருவது, அவ்வெண்ணின் இருமடங்கோடு 9 சேர்த்ததற்குச் சமம் எனக் கொள்வோம். இருபுறமும் 6 சேர்க்கக் குறை நீங்கும். ஐந்து மடங்கு என்பது இருமடங்கும் 15உம் ஆகும். இது ஜப்ர். இனி இருபுறமும் இருமடங்கைக் கழித்தால், மும்மடங்கு 15 என எஞ்சும். இது முகாபலா. தேடிய எண் 5. தராசின் இரு தட்டுகளிலும் ஒரே அளவைச் சேர்ப்பதும் எடுப்பதுமன்றி இதில் மாயம் ஏதுமில்லை.

இன்று நாம் எழுதும் குறியீடுகள் ஒன்றும் அவர் நூலில் இல்லை. எல்லாம் சொற்களாலேயே நடைபெறுகின்றன. தெரியாத எண்ணை வேர் என்றும் பொருள் என்றும் குறித்தார். வர்க்கமூலம் என்று நாம் சொல்லும்போது மூலம் என்பதற்கும் வேர் என்பதே பொருள். இருபடி வரையிலான கணக்குகள் அனைத்தையும் ஆறு வகைக்குள் அடக்கி, ஒவ்வொன்றிற்கும் வழி காட்டி, அவ்வழி சரியே என்பதைப் படம் வரைந்தும் மெய்ப்பித்தார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பத்தாம் வகுப்பில் பயின்ற என் தங்கை மகள் இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டே கண்கலங்கி நின்றாள். தேநீர் வேளையொன்றில் கணிதத்துறை நண்பர் எனக்குச் சொல்லித் தந்திருந்த அல்-குவாரிஸ்மியின் புகழ்பெற்ற கணக்கு அப்போது நினைவிற்கு வந்தது. ஓர் எண்ணின் வர்க்கமும் அவ்வெண்ணின் பத்து மடங்கும் சேர்ந்தால் 39. எண் யாது என்பதே அது.

நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் ஒரு சதுரம் வரைந்தேன்; அதன் பக்கமே நாம் தேடும் எண். பத்தை இரண்டு ஐந்தாகப் பிரித்து, ஐந்து அகலமுள்ள பட்டைகளைச் சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் ஒட்டினேன். இவை மூன்றின் மொத்தப் பரப்பு 39. மூலையில் மட்டும் ஒரு சிறு சதுரம் குறைந்து நின்றது. அதன் பரப்பு ஐயைந்து 25. அதை நிரப்பினால் பெரிய சதுரத்தின் பரப்பு 64, பக்கம் 8. ஒட்டிய ஐந்தை நீக்கினால் எஞ்சுவது 3. சரிபார்த்தால், 9உம் 30உம் சேர்ந்து 39. வெற்று மூலை நிறைந்த கணத்தில் அவள் முகமும் தெளிந்தது. அன்றிரவே மேலும் நான்கு கணக்குகளைத் தானே படம் வரைந்து முடித்தாள். இருவருமாக அன்றுதான் அச்சூத்திரத்தின் பொருளை அறிந்தோம் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு நாணமில்லை.

நல்லாசிரியர் என்பவர் வழுக்கும் இடத்தையும் சுட்டுவார். வர்க்கத்தோடு 21 சேர்ந்தால் பத்து மடங்கிற்குச் சமமாகும் எண் யாது என்னும் கணக்கிற்கு 3, 7 என இரு விடைகள் உண்டு என்று அவர் காட்டினார். இவ்வகைக் கணக்கில் பாதியின் வர்க்கம் கொடுத்த எண்ணினும் சிறிதாயின் விடையே இல்லை என்றும் எச்சரித்தார். குறை எண்களை விடையாக அவர் கொள்ளவில்லை. அது அவர்தம் முறையின் எல்லை.

நூலின் பெரும்பகுதி மரண சாசனக் கணக்குகளுக்கே ஒதுக்கப்பெற்றுள்ளது. ஒரு பெண்மணி கணவரையும் ஒரு மகனையும் மூன்று மகள்களையும் விட்டு மறைகிறார். தம் சொத்தில் எட்டில் ஒன்றும் ஏழில் ஒன்றும் பிறர் ஒருவருக்கு எழுதி வைத்துள்ளார். இரண்டும் சேர்ந்து 56இல் 15 பங்கு. எஞ்சுவது 56இல் 41. அதில் கணவருக்குக் கால் பங்கு. மீதியில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்னும் விகிதம். எனவே எஞ்சியதை 20 கூறாக்கினால் கணவருக்கு 5, மகனுக்கு 6, மகள் ஒவ்வொருவருக்கும் 3. பின்னம் வாராமல் முழுச்சொத்தை 1,120 கூறாக்கினால், பிறருக்கு 300, கணவருக்கு 205, மகனுக்கு 246, மகள் ஒவ்வொருவருக்கும் 123. கூட்டிப் பார்ப்பின் ஒன்றும் மிகாது, ஒன்றும் குறையாது.

அந்த 123ஐ எண்ணிப் பாருங்கள். இளைய மகளின் பங்கு பிறர் இரக்கத்தால் வந்ததன்று, கணக்கால் வந்தது. பெண்மக்களின் பங்கை நகைபோட்டோம், சீர்செய்தோம் என்று வாய்ச்சொல்லால் மழுப்பும் வீடுகள் இன்றும் நம்மிடையே உண்டு. கணக்கறியாதவர் ஏமாறுகிறார், அறிந்தும் சொல்லாதவர் அநீதிக்குத் துணைபோகிறார். வாரிசு, பாக்கி, வசூல் ஆகிய அரபுச் சொற்களைத் தமிழில் நாளும் வழங்கும் நாம், அவற்றின் பின்னுள்ள நேர்மையையும் கைக்கொள்ள வேண்டாமா?

இந்திய எண்களைக்கொண்டு கணக்கிடும் முறை பற்றியும் அவர் நூல் செய்தார். ஒன்பது இலக்கங்களும் சுழியும் கொண்டு எத்துணைப் பெரிய எண்ணையும் எழுதும் அம்முறை மேலைநாடுகளில் பரவ அந்நூல் பெருந்துணை புரிந்தது. அரபு மூலம் மறைந்துவிட, இலத்தீன் வடிவமே எஞ்சியது. அதில் அவர் பெயர் அல்கோரித்மி எனத் திரிந்தது. கணிப்பொறியாளர் இன்று வழங்கும் அல்காரிதம் என்னும் சொல் அப்பெயரின் வழிவந்ததே. அல்-ஜப்ர், அல்ஜீப்ரா ஆயிற்று. 1145இல் செஸ்டர் நகர இராபர்ட் என்பார் இயற்கணித நூலை இலத்தீனில் பெயர்த்தார். 1831இல் பிரெடரிக் ரோசன் அரபு மூலத்தோடு ஆங்கில வடிவத்தை வெளியிட்டார். 1983இல் சோவியத் ஒன்றியம் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

புகழுரையிலும் கணக்குத் தவறலாகாது. இருபடிக் கணக்குகளை முதன்முதல் தீர்த்தவர் அவரல்லர். பாபிலோனியர் தீர்த்துள்ளனர், நம் நாட்டுப் பிரம்மகுப்தர் 628இலேயே அதற்கு விதி வகுத்துள்ளார். எண்களை இந்தியாவிலிருந்து பெற்றதை மறையாது ஒப்பியவர் அல்-குவாரிஸ்மி. சிதறிக் கிடந்ததை வகைப்படுத்தி, படிப்படியாக எவரும் பின்பற்றுமாறு, காரணத்தோடு விளக்கித் தனித்துறையாக்கியதே அவர்தம் பெருமை. அதற்கு மேல் ஏற்றிச் சொல்வது அவருக்குச் சிறப்புச் செய்வதாகாது.

மாணவச் செல்வங்களே! கணக்கு வராது என்று ஒருவன் சொல்லும்போது, அவனுக்கு இன்னும் எவரும் படம் வரைந்து காட்டவில்லை என்றே பொருள் கொள்ளுங்கள். உங்கள் தெருவில் மாலைப்பொழுதில் சமன்பாட்டோடு மல்லாடும் சிறுவன் ஒருவன் இருப்பான். பங்குக் கணக்குக் கேட்கத் தயங்கும் சகோதரி ஒருத்தியும் இருப்பாள். அவர்களருகே அமர்ந்து, ஒரு தாளில் சதுரம் வரைந்து, குறைந்த மூலையை நிரப்பிக் காட்டுவீராயின், அப்பேரறிஞரின் பணி உங்கள் கையால் மேலும் ஒருநாள் தொடர்ந்ததாகும்.