குளோட் எட்டியென் மினியே

குளோட் எட்டியென் மினியே (பெப்ரவரி 13, 1804 – டிசம்பர் 14, 1879) ஒரு பிரெஞ்சுப் படைத்துறை அலுவலரும் படைக்கல வடிவமைப்பாளரும் ஆவார். துப்பாக்கிக் குண்டின் அடிப்பகுதியைக் குழிவாக அமைத்து, வெடிமருந்தின் வளிமம் குண்டைச் சுற்றிக் கசியாதவாறு செய்த மினியே குண்டு இவருடைய பெயராலேயே அழைக்கப்படுகிறது. 1849 ஆம் ஆண்டில் இவர் வடிவமைத்த இக்குண்டு, அடுத்த இருபது ஆண்டுகளில் நடைபெற்ற பல போர்களின் போக்கை மாற்றியது. இதன் அடிப்படைக் கருத்து, தென்னிந்திய ஊதுகுழாய் அம்பு ஒன்றைக் கண்ட பிரித்தானிய அலுவலர் ஒருவரால் முன்னரே உணரப்பட்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இளமையும் படைப்பணியும்

மினியே பாரிசு நகரில் பிறந்தார். சாதாரணப் படைவீரராகப் பிரெஞ்சுப் படையில் சேர்ந்த இவர், அல்சீரியாவில் நடைபெற்ற போர்களில் பங்கேற்றுப் படிப்படியாகக் கப்டன் நிலைக்கு உயர்ந்தார். அல்சீரியாவில் பிரெஞ்சுப் படையினர் நெடுந்தொலைவிலிருந்து சுடும் எதிரிகளை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. எனவே விரைவாக நிரப்பக்கூடியதும் தொலைவில் குறி தவறாததுமான துப்பாக்கி ஒன்றின் தேவை அங்கே பெரிதும் உணரப்பட்டது.

அக்காலத் துப்பாக்கிகளின் குறைபாடு

அக்காலத்தில் இருவகைத் துப்பாக்கிகள் வழக்கில் இருந்தன. மசுகெட்டு எனப்படும் வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கியில், குழலைவிடச் சிறிய ஈய உருண்டையை வாய்ப்பக்கமாக எளிதில் போட்டு நிரப்பலாம். ஆனால் உருண்டைக்கும் குழலுக்கும் இடையே உள்ள வெளியின் ஊடாக வளிமம் கசிந்துவிடும்; குறியும் தவறும். மற்றொன்று, குழலின் உட்புறத்தில் திருகுச்சுழியாகக் காடிகள் வெட்டப்பட்ட புரிகுழல் துப்பாக்கி. இதில் குண்டு சுழன்று செல்வதால் நேராகப் பாயும். ஆனால் காடிகளை இறுகப் பற்றும் அளவுக்குக் குண்டு பெரிதாக இருக்க வேண்டும். அதை அடித்து உள்ளே தள்ளுவதற்கு அதிக நேரம் ஆகும்.

உள்ளே செல்லும்போது சிறிதாகவும் வெளியேறும்போது பெரிதாகவும் உள்ள குண்டே இச்சிக்கலுக்குத் தீர்வாக அமைந்தது.

முன்னோடிகள்

பிரித்தானியப் படையின் 34 ஆவது ரெசிமெண்டைச் சேர்ந்த கப்டன் யோன் நோர்ட்டன் தென்னிந்தியாவில் இருந்தபோது, அங்குள்ள மக்கள் பயன்படுத்திய ஊதுகுழாய் அம்பை ஆராய்ந்தார் எனப் படைக்கல வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவ்வம்பின் அடியில் நெட்டி போன்ற மென்மையான செடித்தக்கை பொருத்தப்பட்டிருந்தது. ஊதும்போது அத்தக்கை விரிந்து குழாயின் சுவரோடு ஒட்டிக்கொண்டதால் காற்று வீணாகவில்லை. இதே முறையில் அடிப்பகுதி குழிவான ஈயக் குண்டு ஒன்றை நோர்ட்டன் உருவாக்கினார். பின்னர் வில்லியம் கிரீனர் என்னும் ஆங்கிலேயத் துப்பாக்கித் தொழிலாளர், குண்டின் அடியில் ஆப்புப் போன்ற செருகி ஒன்றை வைத்து இதனை மேம்படுத்தினார். பிரித்தானியப் படைத்துறை இவ்விரண்டையும் ஏற்கவில்லை.

பிரான்சில் என்றி குசுத்தாவ் டெல்வின், துவெனன் ஆகியோர் வேறொரு வழியை நாடினர். குழலின் அடியில் உள்ள விளிம்பின் மீதோ முளையின் மீதோ குண்டை வைத்து, கோலால் இடித்து நசுக்கி விரியச் செய்தனர். இதனால் குண்டின் வடிவம் சீர்கெட்டது.

மினியே குண்டு

மினியே வடிவமைத்த குண்டு கூம்பு முனை கொண்ட நீள்வடிவ ஈயக் குண்டு ஆகும். அதன் அடியில் கூம்பு வடிவக் குழிவும், குழிவின் வாயில் சிறிய இரும்புக் கிண்ணமும் அமைந்திருந்தன. குண்டின் வெளிப்புறக் காடிகளில் கொழுப்பு பூசப்பட்டது. குழலைவிடச் சற்றுச் சிறியதாகையால் குண்டு தடையின்றி உள்ளே இறங்கியது. சுடும்போது வளிமத்தின் அழுத்தம் கிண்ணத்தைக் குழிவினுள் தள்ள, ஈயத்தின் அடிவிளிம்பு விரிந்து குழலின் காடிகளில் பதிந்தது.

இம்முறையில் குண்டின் அடிப்பகுதியே முதன்மையானது. அடிவிளிம்பு ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் இருப்பின், வளிமம் ஒருபக்கமாகக் கசிந்து குண்டு சாய்ந்துவிடும். சில வேளைகளில் இரும்புக் கிண்ணம் குண்டைத் துளைத்துக்கொண்டு வெளியேற, ஈய வளையம் மட்டும் குழலில் சிக்கிக்கொண்டது. எனவே வார்ப்பு அச்சின் நடுவில் அமையும் முளை, குண்டின் விட்டத்தைச் சரிபார்க்கும் அளவுத் துளை முதலிய கருவிகளின் துல்லியம் இன்றியமையாததாயிற்று. அமெரிக்காவில் சேம்சு பர்ட்டன் கிண்ணத்தை நீக்கி, மெல்லிய அடிவிளிம்பு மட்டும் கொண்ட எளிய வடிவத்தை உருவாக்கினார்.

பிரெஞ்சு அரசு மினியேக்கு 20,000 பிராங்குகள் பரிசளித்து, வின்சேன் படைத்துறைப் பள்ளியில் பணியமர்த்தியது. பிரித்தானிய அரசு அவருடைய முறையைப் பயன்படுத்துவதற்காக 20,000 பவுண்டுகள் வழங்கியது. முன்னோடியான கிரீனருக்கு 1857 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு வழங்கிய தொகை 1,000 பவுண்டுகள் மட்டுமே.

போர்க்களங்களில்

கிரிமியப் போரில், 1854 ஆம் ஆண்டின் ஆல்மா, இங்கர்மன் சமர்களில் பிரித்தானியப் படை மினியே துப்பாக்கிகளைப் பயன்படுத்தியது. 1861 முதல் 1865 வரை நடைபெற்ற அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருதரப்பினரும் மினியே வகைக் குண்டுகளையே பெரிதும் பயன்படுத்தினர். மென்மையான இந்த ஈயக் குண்டு எலும்புகளை நொறுக்கியதால், காயமுற்ற வீரர்கள் பலரின் கை கால்களை வெட்டி நீக்க வேண்டியதாயிற்று.

இந்தியாவில்

இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட 1853 ஆம் ஆண்டு என்பீல்டு துப்பாக்கியும் இம்முறையிலேயே இயங்கியது. வெடிமருந்தும் குண்டும் ஒரே காகித உறையில் சுற்றப்பட்டிருந்தன. குண்டு குழலில் எளிதாக இறங்குவதற்கு உறையின் ஒரு முனையில் கொழுப்பு பூசப்பட்டது. மறுமுனையைப் பல்லால் கடித்துக் கிழிப்பது வழக்கம். அக்கொழுப்பு பசு, பன்றி ஆகியவற்றினுடையது என்ற செய்தி 1857 ஆம் ஆண்டில் சிப்பாய்களிடையே பரவி, ஏற்கெனவே நிலவிய மனக்குறைகளுடன் சேர்ந்து பெரும் கிளர்ச்சிக்கு வித்திட்டது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாக்களைத் தொட மறுத்தனர். மே 10 அன்று அங்கே கிளர்ச்சி வெடித்தது.

கிளர்ச்சியை அடக்குவதற்கும் இதே துப்பாக்கி பயன்பட்டது. சென்னையிலிருந்து நீல் தலைமையில் சென்ற ஐரோப்பியப் படைப்பிரிவினர் என்பீல்டு துப்பாக்கி ஏந்தியிருந்தனர். கொடுஞ்செயல்களுக்குப் பெயர்பெற்ற நீலின் சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நிறுவப்பட்டு, மக்களின் எதிர்ப்புக்குப் பின் 1937 ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது.

இப்போரின்போது 0.568 அங்குல விட்டமுள்ள குண்டுகளைக் குழலில் நிரப்புவது கடினமாக இருந்தது. இதனால் 1859 ஆம் ஆண்டில் குண்டின் விட்டம் 0.55 அங்குலமாகக் குறைக்கப்பட்டது.

பிற்கால வாழ்க்கை

மினியே 1858 ஆம் ஆண்டில் கேணல் நிலையில் ஓய்வு பெற்றார். பின்னர் எகிப்தில் படைப் பயிற்றுநராகவும், அமெரிக்காவின் இரெமிங்டன் படைக்கல நிறுவனத்தில் மேலாளராகவும் பணியாற்றினார். 1860களில் பின்புறமாக நிரப்பும் துப்பாக்கிகள் பரவியதால் அவருடைய குண்டு அவர் வாழ்நாளிலேயே வழக்கொழியத் தொடங்கியது. 1879 ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

தாக்கம்

வளிமத்தைக் குண்டின் அடியிலேயே தடுக்க வேண்டும் என்ற கருத்து பின்னரும் நிலைத்தது. வார்த்தெடுக்கப்படும் ஈயக் குண்டுகளின் அடியில் வளிமத் தடுப்பாகச் சிறிய செப்புக் கிண்ணம் பொருத்தும் முறை பின்னாளில் வழக்கத்துக்கு வந்தது. மினியேயின் கிண்ணம் ஈயத்தை விரியச் செய்தது. செப்புக் கிண்ணமோ வெப்ப வளிமம் ஈயத்தை அரிக்காமல் காக்கிறது. இதற்கெனக் குண்டின் அடி சற்று ஒடுங்கியதாக வார்க்கப்படுகிறது. அவ்வாறு அமையாத குண்டுகளின் அடிவிளிம்பைச் சீவிக் கிண்ணத்துக்கு ஏற்ற அளவாக்கும் கருவிகளும் உள்ளன.

தென்னிந்திய ஊதுகுழாய் அம்பில் செடித்தக்கை செய்த பணியையே, வேறு பொருள்களும் வேறு கருவிகளும் கொண்டு இவ்வமைப்புகள் தொடர்ந்து செய்துவந்துள்ளன.