பந்து வீசலாம், தலைமை ஏற்கலாகாது: பல்வங்கர் பாலுவின் வாழ்வும் பயிற்றுநர் ஊதியமும்

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னையின் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில் கால்பந்தும் குத்துச்சண்டையும் உழைக்கும் மக்களின் விளையாட்டுகள். கல்லூரி அணிகளுக்கு ஆட்டக்காரர்களைத் தரும் பகுதி இது. அந்த அணிகளைக் காலையும் மாலையும் களத்தில் நின்று பழக்கும் உதவிப் பயிற்றுநர்களையும் இதே தெருக்கள் தருகின்றன. அவர்களில் பலருக்கு நியமன ஆணை இல்லை. ஊதிய விகிதம் இல்லை. வருங்கால வைப்பு நிதி இல்லை. போட்டிக்காலம் முடிந்ததும் மதிப்பூதியமும் முடிந்துவிடுகிறது. அணி கோப்பையை வென்றால் மேடையில் சால்வை கிடைக்கும்; பணியிடம் கிடைக்காது.

திறமையைப் பயன்படுத்திக்கொண்டு பதவியை மறுக்கும் இந்த ஏற்பாடு இன்று தோன்றியதன்று. இந்தியாவில் ஒழுங்கமைந்த விளையாட்டுச் சங்கங்கள் உருவான காலத்திலேயே இதுவும் உருவாயிற்று. இதை முழுமையாக அனுபவித்தவர் கிரிக்கெட் வீரர் பல்வங்கர் பாலு. நாட்டின் முதல் பெரும் பந்துவீச்சாளர் என்றும், தலித் சமூகத்தின் முதல் விளையாட்டு நாயகர் என்றும் அவரைப் பலரும் அறிவர். நாம் அவரை ஒரு விளையாட்டுத் தொழிலாளியாகவும் காண வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

எட்டு விக்கெட்டும் ஒரு மாதச் சம்பளமும்

பாலு 1876ஆம் ஆண்டு பம்பாய் மாகாணத்தின் தார்வாரில், சமார் சமூகத்தில் பிறந்தார். குடும்பப் பெயர் கொங்கணக் கடற்கரையின் பல்வண் என்ற ஊரிலிருந்து வந்தது. தந்தை படையைச் சார்ந்த பணியில் இருந்தார். குடும்பம் பூனாவில் வாழ்ந்தது. படை முகாம்களில் அதிகாரிகள் விட்டுச்சென்ற மட்டையையும் பந்தையும் கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் ஆடிப் பழகினர்.

பாலுவின் முதல் வேலை பூனாவில் பார்சிகளின் கிரிக்கெட் சங்கமொன்றில். ஆடுகளத்தைப் பெருக்குவதும் உருளையிட்டுச் சமன்செய்வதும் அவர் பணி. சம்பளம் மாதம் 3 ரூபாய். 1892 அளவில் ஐரோப்பியருக்கான பூனா கிளப்பில் சேர்ந்தார். அங்கே மாதம் 4 ரூபாய். களத்தைத் தயார் செய்வது, வலை கட்டுவது, டென்னிஸ் திடலில் கோடு போடுவது ஆகியவற்றோடு, உறுப்பினர்களுக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசுவதும் அவர் மேல் விழுந்தது. இடக்கைச் சுழற்பந்தில் அவர் தேர்ச்சி பெற்றது அங்கேதான்.

அக்காலத்தின் தலைசிறந்த ஐரோப்பிய மட்டையாளர்களில் ஒருவரான ஜே. ஜி. கிரெய்க் அந்த வலையில் பாலுவின் பந்துகளை எதிர்கொண்டே தம் ஆட்டத்தைக் கூர்தீட்டினார். தம்மை வீழ்த்தும் ஒவ்வொரு முறையும் அவர் பாலுவுக்கு எட்டணா தந்ததாகச் சொல்லப்படுகிறது. எட்டு முறை வீழ்த்தினால் 4 ரூபாய். அதாவது ஒரு மாதச் சம்பளம். இந்தக் கணக்கு பாலுவின் திறமைக்குச் சான்று. அவருடைய சம்பளம் எதற்காக வழங்கப்பட்டது என்பதற்கும் அதுவே சான்று. பெருக்குவதற்குச் சம்பளம் இருந்தது. கற்பிப்பதற்குச் சம்பளம் இல்லை, அன்பளிப்பே இருந்தது. அன்பளிப்பை ஒருவர் உரிமையாகக் கேட்க முடியாது.

அந்த ஆண்டுகளில் மட்டை பிடிக்க அவருக்கு வாய்ப்புத் தரப்படவில்லை. மட்டை பிடிப்பது எசமானரின் கலை, பந்து வீசுவது ஏவலாளரின் உழைப்பு என்ற பிரிவினை இங்கிலாந்திலேயே இருந்தது. அங்கும் ஊதியம் பெறாத கனவான்கள் அணித்தலைவராயினர். ஊதியம் பெற்ற தொழில்முறை ஆட்டக்காரர்கள் பந்துவீச்சின் சுமையைத் தாங்கினர். அத்தகைய தொழில்முறை ஆட்டக்காரரான லென் ஹட்டன் இங்கிலாந்து அணிக்குத் தலைவராக 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் அந்த வர்க்கப் பிரிவினையின் மேல் சாதியும் சேர்ந்துகொண்டது.

மண்குவளை

பாலுவின் புகழ் பரவியபோது பூனாவின் இந்து அணிக்குள் விவாதம் மூண்டது. அவரைச் சேர்த்தால் ஐரோப்பியரை வெல்லலாம். ஆனால் அவர் தீண்டத்தகாதவர் எனப்பட்டவர். வெற்றியின் தேவை வென்றது, பாலு சேர்க்கப்பட்டார். களத்தில் அவர் தொட்ட பந்தையே பிராமண ஆட்டக்காரர்களும் தொட்டனர். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் அரங்கிற்கு வெளியே, தூக்கியெறியும் மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. உணவும் தனித் தட்டில், தனி மேசையில். தமிழகத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளைக்கு எதிராகப் போராடிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தீண்டாமை அறியாமையால் மட்டும் நிகழ்வதன்று. தனக்குப் பயன்படும் இடத்தில் தன்னைத் தளர்த்திக்கொள்ளவும், பயன் முடிந்த இடத்தில் மீண்டும் இறுக்கிக்கொள்ளவும் அதற்குத் தெரியும்.

1890களின் இறுதியில், பிளேக் நோய் பூனாவைத் தாக்கிய காலத்தில், பாலு பம்பாய் சென்றார். பம்பாய், பரோடா மத்திய இந்திய ரயில்வேயில் பணி பெற்று அதன் அணிக்கும் ஆடினார். துறைமுகமும் ரயில்வேயும் விளையாட்டு வீரர்களுக்கு வாழ்வளித்ததை வடசென்னையும் அறியும். ஜிம்கானாக்கள் தராத நிரந்தர வேலையைத் தொழில் நிறுவனம் தந்தது.

பின்னர் பம்பாயின் இந்து ஜிம்கானாவிலும் அவர் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1906 பிப்ரவரியில் இந்துக்கள் அணி ஐரோப்பிய அணியை 109 ஓட்டங்களில் வென்றது. அதில் பாலு எட்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். தீண்டாமையை விலக்கியதால் கிடைத்த வெற்றி என்று சீர்திருத்த ஏடுகள் அதைக் கொண்டாடின.

பத்தொன்பது வயதுத் தலைவர்

1911இல் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. பாலுவுடன் சிவராமும் அதில் இடம்பெற்றார். அணித்தலைவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங், வயது 19. அந்த ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா இலண்டனில் நடந்தது. மகாராஜா ஆடிய ஆட்டங்கள் மிகச் சில. 35 வயதுப் பாலுவோ பயணம் முழுவதும் பந்து வீசினார். அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றபோதும் அவர் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார், சராசரி 18.84.

விளையாட்டுப் பயிற்றுநர்களுக்குப் பட்டயம் வழங்கும் தேசிய விளையாட்டு நிறுவனம் 1961இல் தொடங்கப்பட்டது. அது அமைந்திருப்பது பாட்டியாலா மன்னர் குடும்பத்தின் மோத்திபாக் அரண்மனையில். பிறப்பால் அணித்தலைவரானவரின் மாளிகையில்தான் இன்று உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள் பயிற்றுநர் பட்டயம் பெறுகின்றனர். கதவு திறந்தது உண்மை. பட்டயத்தோடு வெளியே வருபவருக்குப் பணியிடம் எங்கே என்பதுதான் மிஞ்சிய கேள்வி.

தகுதி தராததைப் போராட்டம் தந்தது

பம்பாயின் புகழ்பெற்ற போட்டிகளில் இந்துக்கள் அணிக்கு யார் தலைவர் என்ற கேள்வி 1910க்குப் பின் ஆண்டுதோறும் எழுந்தது. அனுபவத்திலும் சாதனையிலும் பாலுவுக்கு நிகரானவர் இல்லை. ஆயினும் ஒவ்வொரு முறையும் பதவி சாதி இந்து ஒருவருக்கே சென்றது. 1913இல் தலைவரான எம். டி. பை, அப்பெருமை பாலுவுக்கே உரியது என்று பொதுமேடையில் ஒப்புக்கொண்டார். பாராட்டு அந்தப் பக்கம் சென்றது. பதவி இந்தப் பக்கமே நின்றது.

1920இல் நிலைமை முற்றியது. பாலு அணியிலிருந்தே விடப்பட்டார். பை நோயுற்றதால் முதல் ஆட்டத்துக்குத் தற்காலிகத் தலைவர் தேவைப்பட்டபோது, தம்பி விட்டலைத் தாண்டி டி. பி. தேவ்தர் தேர்ந்தெடுக்கப்பட்டார். விட்டலும் சிவராமும் ஆட மறுத்து விலகினர். சாதியின் பெயரால் தங்களுக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பை அறிக்கையாகவே வெளியிட்டனர். நகரம் அதைப் பேசியது. அடுத்த ஆட்டத்தில் பாலு அணிக்குத் திரும்பினார், துணைத்தலைவராக. பை சிறிது நேரம் களத்தைவிட்டு வெளியேற, அந்நேரம் பாலு அணியை வழிநடத்தினார். நாற்பத்து நான்கு வயதில் அவருக்குக் கிடைத்த தலைமை அவ்வளவே. மூன்றாண்டு கழித்து, 1923இல், விட்டல் முழுமையான அணித்தலைவரானார். ஐரோப்பியரை வென்று கோப்பையையும் பெற்றார்.

இந்த வரிசையை நாம் ஊன்றி நோக்க வேண்டும். 1906இன் வெற்றி தலைமையைத் தரவில்லை. 1911இன் 114 விக்கெட்டுகள் தரவில்லை. 1913இன் மனச்சாட்சி தரவில்லை. 1920இன் வேலைமறுப்புத்தான் கதவை அசைத்தது. தகுதி இருந்தால் பதவி தானே வரும் என்று மாணவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை.

அழைப்பா, உரிமையா

பாலுவின் அரசியல் வாழ்வை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது நேர்மையன்று. இளம் அம்பேத்கர் அவரை ஒடுக்கப்பட்டோரின் பெருமையாகக் கண்டார். ஆயினும் தனித்தொகுதிக் கோரிக்கையில் இருவரும் பிரிந்தனர். 1932 பூனா ஒப்பந்தத்தின்போது பாலு, நம் மாகாணத்தின் எம். சி. ராஜாவைப் போலவே, காந்தியின் பக்கம் நின்றார். ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோரில் அவரும் ஒருவர். 1937 பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். அவருடைய தலைமையை ஆண்டுக்கணக்கில் மறுத்த சமூகம், தலித் மக்களின் தலைவரை வீழ்த்த மட்டும் அவரை முன்னால் நிறுத்தியது என்பதைக் காணாமல் இருக்க முடியாது.

இதனால் பாலுவை இழிவாகப் பேச நாம் ஒப்பமாட்டோம். படிப்படியாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்ப அவருக்குக் காரணங்கள் இருந்தன. அவர் அடைந்த ஒவ்வொன்றும் அழைப்பாக வந்தது. அழைத்தவர் விரும்பியபோது நின்றும் போனது. அம்பேத்கர் கேட்டது அழைப்பையன்று, சட்டத்தில் எழுதப்பட்ட இடத்தை. பாலு 1955இல் பம்பாயில் மறைந்தார். அப்போது அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. உறுப்பு 17 தீண்டாமையை ஒழித்திருந்தது. உறுப்பு 16 பொதுப்பணியில் சம வாய்ப்பை உறுதியளித்திருந்தது.

இன்றைய களம்

இவ்வுரிமைகள் விளையாட்டுப் பயிற்றுநரைச் சென்றடைந்தனவா? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, கல்லூரி உடற்கல்வி இயக்குநரின் தொடக்க அடிப்படை ஊதியம் உதவிப் பேராசிரியருக்கு நிகராக மாதம் 57,700 ரூபாய். அரசுக் கல்லூரிகளில் அப்பணியிடத்துக்கு இடஒதுக்கீடும் உண்டு. ஆனால் கால்பந்து அணியைக் களத்தில் உருவாக்குபவர் பெரும்பாலும் அவருக்குக் கீழே, பணியிடமே இல்லாத இடத்தில் நிற்கிறார். நாடறிந்த கேலோ இந்தியா மையத் திட்டமே முன்னாள் சாதனை வீரருக்கு ஆண்டுக்கு 3 லட்சம், அதாவது மாதம் 25,000 ரூபாய் மதிப்பூதியமாகத்தான் வகுத்தது. கல்லூரிகளில் அதற்கும் குறைவாகப் பெறுவோர் ஏராளம்.

சட்டம் இங்கே எங்கு தடுக்கிறது என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். 2016 அக்டோபரில் ஜக்ஜித் சிங் வழக்கில், நிரந்தரப் பணியாளர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்கு அந்த ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத் தொகையை வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஒப்பிடுவதற்கு நிரந்தரப் பணியிடம் ஒன்று வேண்டும். பயிற்றுநர் பணியிடமே உருவாக்கப்படாத கல்லூரியில் யாரோடு ஒப்பிடுவது? பணியிடத்தை உருவாக்காமல் இருப்பதே சமவேலைக்குச் சமஊதியத்தைத் தவிர்க்கும் எளிய வழி. பணியிடம் இல்லையெனில் இனச்சுழற்சியும் இல்லை. 45 நாள்களோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனங்களுக்கும் இடஒதுக்கீடு உண்டு என்று ஒன்றிய அரசு தன் பணியிடங்களுக்கு 2018இல் மீண்டும் வலியுறுத்தியது. மதிப்பூதியத்தை நியமனம் என்றே கருதாத இடத்தில் அந்த ஆணையும் பயனற்றுப் போகிறது.

பணம் கூடினால் மட்டும் இது தீர்ந்துவிடாது. அமெரிக்கப் பல்கலைக்கழகக் கால்பந்தில் பெரிய அணிகளின் முதன்மையான உதவிப் பயிற்றுநர்கள் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் பெறுகின்றனர். அங்கும் களத்தில் கறுப்பின ஆட்டக்காரர்கள் நிறைந்திருக்க, தலைமைப் பயிற்றுநர் இருக்கைகளில் பெரும்பாலானவை வெள்ளையரிடமே உள்ளன. அதனால்தான் ஓரிகான் மாநிலம் 2009இல், அரசுப் பல்கலைக்கழகங்கள் தலைமைப் பயிற்றுநரைத் தேர்வதற்குமுன் சிறுபான்மையினர் ஒருவரையேனும் நேர்காணல் செய்ய வேண்டும் என்று சட்டமியற்றியது. நல்லெண்ணத்தை நம்பியிருந்தால் அச்சட்டத்துக்குத் தேவை இருந்திருக்காது.

எனவே நம் கோரிக்கைகள் நேரடியானவை. அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் முக்கிய விளையாட்டுகளுக்குப் பயிற்றுநர், உதவிப் பயிற்றுநர் பணியிடங்கள் ஒப்பளிக்கப்பட வேண்டும். நியமனம் வெளிப்படையான அறிவிக்கையின் வழியே, இனச்சுழற்சியோடு நிகழ வேண்டும். மதிப்பூதியத்தில் இருப்போரின் எண்ணிக்கை, தொகை, சமூகப் பின்னணி ஆகியவற்றை அரசு வெளியிட வேண்டும். வடசென்னைக் கல்லூரிகளின் மாணவர் அமைப்புகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இவ்விவரங்களைக் கேட்டு இன்றே மனு எழுதலாம்.

பாலுவுக்கு அஞ்சலி செலுத்தப் பலர் உள்ளனர். அவர் களத்தைப் பெருக்கியதற்கு 4 ரூபாய் பதிவாகியிருக்கிறது. பிறருக்கு ஆட்டம் கற்பித்ததற்கு ஒரு காசுகூடச் சம்பளமாகப் பதிவாகவில்லை. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. அதைத் தீர்க்கும் இடம் பாராட்டு மேடையன்று, பணி நியமன ஆணை.