நிலம் அளந்து கதை சொன்ன பேராசிரியர்

பகடை உருட்டி ஆடும் கற்பனை விளையாட்டு ஒன்று மேலை நாடுகளில் உண்டு. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாத்திரமேற்று, எங்குமே இல்லாத ஒரு நாட்டில் பயணம் செய்வார்கள். அந்த நாட்டுக்கு வரைபடம் உண்டு. சமவெளியில் விரைந்து போகலாம். சதுப்பு நிலத்திலும் மலையிலும் ஒரு நாளைக்குச் சிறிது தூரமே போக முடியும். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி. இத்தகைய கற்பனை உலகங்களுக்கு மலையும் மழையும் பனியும் தந்தவர்களுள் தலைசிறந்தவர் ஜே. ஆர். ஆர். டோல்கியன். அவருடைய வாழ்க்கையைத் தோழியர் அறிய வேண்டும் என்பது என் ஆசை.

தென்னாப்பிரிக்காவில் புளூம்ஃபான்டைன் என்னும் ஊரில் 1892ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை ஆர்தர் ஒரு வங்கியின் மேலாளர். அது வெயில் சுட்டெரிக்கும் ஊர். கிறிஸ்துமஸ் அங்கே கோடையில் வரும். வாடித் தொங்கிய ஒரு யூகலிப்டஸ் மரம்தான் அவர் நினைவில் நின்ற கிறிஸ்துமஸ் மரம்! அந்த வெப்பம் குழந்தையின் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே 1895இல் தாய் மேபல் அவரையும் தம்பி ஹிலாரியையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். பின்னால் வருவதாக இருந்த தந்தை, 1896 பிப்ரவரியில் காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்துபோனார்.

தாயும் பிள்ளைகளும் பர்மிங்காம் நகருக்கு அருகே சேர்ஹோல் என்னும் சிற்றூரில் குடியேறினர். ஆற்றோரம் மாவரைக்கும் ஆலை, புல்வெளி, பெரிய மரங்கள். வறண்ட நாட்டிலிருந்து வந்த சிறுவனுக்கு அந்தப் பசுமை எப்படி இருந்திருக்கும்! அவர் கதையில் குள்ளமான ஹாபிட்டுகள் வாழும் 'ஷயர்' நாடு இந்த ஊரின் சாயலே. தாய் அவருக்கு இலத்தீனையும், செடிகொடிகளின் இயல்பையும், ஓவியத்தையும் தாமே கற்பித்தார்.

1900இல் மேபல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். உறவினர் சினந்து, பண உதவியை நிறுத்தினர். வறுமையிலும் அவர் மனம் மாறவில்லை. நீரிழிவு நோயால் 1904இல் தம் 34ஆம் வயதில் காலமானார். அந்நோய்க்கு இன்சுலின் மருந்து 1921இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பன்னிரண்டு வயதில் தாய் தந்தை இருவரையும் இழந்த ரொனால்டையும் தம்பியையும் அருட்தந்தை பிரான்சிஸ் மார்கன் பாதுகாவலராக இருந்து வளர்த்தார்.

1911 கோடையில் ஒரு குழுவோடு சுவிட்சர்லாந்து மலைகளில் கால்நடையாகச் சுற்றினார். அவ்வாண்டு வெயில் மிகக் கடுமை. பனி உருகி, அதுவரை உறைந்து நின்ற பாறைகள் பிடி தளர்ந்து உருண்டு வந்தன. அவற்றுள் ஒன்று அவருக்கும் முன்னால் நடந்தவருக்கும் இடையே பாய்ந்தது. நூலிழையில் உயிர் தப்பினார். அவருடைய கதைகளில் வரும் பனிமூட்ட மலைகளின் ஆபத்து இப்படி நேரில் கண்டதே.

அதைவிடக் கொடிய நிலம் ஒன்றையும் அவர் கண்டார். முதல் உலகப் போரில், எடித் என்னும் நங்கையை மணந்த சில மாதங்களிலேயே, 1916இல் பிரான்சின் சோம் போர்க்களத்துக்கு அனுப்பப்பட்டார். குண்டு விழுந்த குழிகளில் நீர் தேங்கி, வயல்கள் சேறாகிக் கிடந்தன. உயிர்த் தோழர் இருவர் அவ்வாண்டிலேயே மாண்டனர். அவரோ பதுங்குகுழிக் காய்ச்சலோடு நாடு திரும்பினார். இறந்தோர் முகங்கள் நீருக்கடியில் தெரியும் ஒரு சதுப்பு நிலம் அவர் கதையில் வருகிறது. சோம் களத்தின் நினைவு அதில் ஓரளவு உண்டு என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். அந்தப் பகுதியை இரவில் படிக்காமல் இருப்பது நல்லது.

பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1937இல் 'தி ஹாபிட்' வெளிவந்தது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற பெருங்கதை 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வந்தது. இதை எழுதுவதற்கு அவர் முதலில் வரைபடத்தை வைத்துக்கொண்டார்; கதையை அதற்கு ஏற்ப அமைத்தார். ஒரு நாளில் எத்தனை மைல் நடக்கலாம், அன்றிரவு நிலா எந்த நிலையில் இருக்கும் என்றெல்லாம் கணக்கிட்டார். நிலா தவறினால் அத்தியாயத்தையே திருத்துவார்! ஷயரை ஆக்ஸ்ஃபோர்டின் அட்சரேகையிலும், மினாஸ் திரித் என்ற தலைநகரை இத்தாலி நாட்டின் அட்சரேகையிலும் வைத்தார். ஆகவே பயணிகள் செப்டம்பரில் புறப்பட்டு, குளிர்காலத்தில் மலைக் கணவாயில் பனிப்புயலில் சிக்கி, தெற்கே இறங்கியதும் மணமிக்க மூலிகைகள் வளரும் இதமான நாட்டை அடைகிறார்கள். தீய மோதிரம் அழியும் நாள் மார்ச் 25, அதாவது மங்கள வார்த்தைத் திருநாள்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு செய்தி. பகைவனின் நாடான மோர்டோரின் வடபகுதி சாம்பல் படிந்த பாழ்நிலம். அப்படியானால் அந்தப் பெரும்படைக்கு உணவு எங்கிருந்து வரும்? தெற்கே ஓர் ஏரிக்கரையில் அடிமைகள் உழும் வயல்கள் இருப்பதாக எழுதிவைத்தார். பூதங்களுக்கும் பசிக்கும் என்று நினைத்த கதாசிரியர் வேறு யார்? ஆனால் மோர்டோரின் மலைகள் வடக்கிலும் மேற்கிலும் தெற்கிலும் பெட்டிச் சுவர்போல நிற்பது இயற்கைக்கு ஒவ்வாது என்று குறை கூறுவோரும் உண்டு. வரைபடத்தைப் பார்த்தால் அது சரியென்றே தோன்றுகிறது.

டோல்கியன் 1973ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் காலமானார். ஆக்ஸ்ஃபோர்டில் மனைவியின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டு வந்த அந்தப் பகடை விளையாட்டில் அவருடைய ஹாபிட்டுகளும் இருந்தார்கள். பிறகுதான் அவர்களுக்கு வேறு பெயர் இடப்பட்டது.

2013இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக அறிவியலார் ஒருவர், புவியின் தட்பவெப்பத்தை ஆராயும் கணினியில் டோல்கியனின் வரைபடத்தை இட்டுப் பார்த்தார். பனிமூட்ட மலைகளுக்குக் கிழக்கே மழை மறைவுப் பகுதி இருப்பதாகக் கணினி காட்டியது. ஷயரின் வானிலை இங்கிலாந்தின் லிங்கன்ஷயரை ஒத்திருந்தது. மோர்டோரின் வானிலையோ லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் போன்றதாம்!